தூள் பறக்காத கை

மருந்துக் கம்பெனியில் மூலப்பொருள்களை எடை போட்டுக் கொடுக்கும் டிஸ்பென்சிங் அறைக்குள் போகிறவர் தலைக்குல்லா, கவுன், கையுறை, மூன்றடுக்கு மாஸ்க், ஷூ கவர் என்று உச்சி முதல் பாதம்வரை மூடிக்கொண்டுதான் போகிறார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு, ஆள் நல்ல பாதுகாப்பில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்த உடையில் முக்கால்வாசி மருந்தைக் காப்பதற்கானது. நம் முடியும் எச்சிலும் தோல் செதிலும் மருந்தில் விழுந்துவிடக் கூடாது என்று போட்டது. மருந்துத் தூள் நம் நுரையீரலுக்குள் போகாமல் இருக்க வேறு ஏற்பாடு வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதால் வரும் கேட்டை மாத்திரைத் தொழிலில் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறேன்.

கான்ட்ராக்டர் மூலம் புதிதாக வந்த தம்பி ஒருவர், ரெஸ்பிரேட்டர் எங்கே என்று நான் கேட்டதற்கு, “அதான் மாஸ்க் போட்டிருக்கேனே அண்ணே” என்றார். அவர்மேல் தப்பில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றடுக்கு மாஸ்க் முகத்தோடு பதியாது. மூக்கின் இரு பக்கமும் கன்னத்து ஓரமும் இடைவெளி இருக்கும். மூச்சை இழுக்கும்போது காற்று தடையில்லாத அந்த வழியாகத்தான் உள்ளே வரும். என்95 வகை ரெஸ்பிரேட்டர்கூட முகத்தோடு அழுந்திப் பதிந்தால்தான் பயன். தாடி வைத்தவருக்கு அது பதியவே பதியாது.

எந்தத் தூளுக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். எம்எஸ்டிஎஸ் என்கிற பாதுகாப்புத் தகவல் தாளைப் படி என்று சொல்வதோடு நான் நிறுத்துவதில்லை. மாத்திரை அட்டையில் அச்சடித்திருக்கும் மருந்தளவைப் பார்க்கச் சொல்வேன். எட்டு மணி நேர ஷிஃப்டில் வேலை செய்கிற ஒருவர் ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். பாரசிட்டமால் மாத்திரையில் மருந்து 500 மில்லிகிராம். ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் தூள் மிதந்தாலும் ஷிஃப்ட் முழுவதும் சேர்த்து 50 மில்லிகிராம்தான் உள்ளே போகும். அதுவும் போகக் கூடாதுதான். ஆனால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் மருந்து 0.5 மில்லிகிராம். அதே காற்றில் அதே அளவு அந்தத் தூள் இருந்தால், ஒரே ஷிஃப்டில் நூறு மாத்திரைக்கான மருந்தைச் சுவாசித்தாகிவிட்டது. தைராக்சின் இன்னும் கீழே, 50, 100 மைக்ரோகிராம் கணக்கு. கருத்தடை மாத்திரையில் சேரும் எத்தினைல் எஸ்ட்ராடையால் 30 மைக்ரோகிராம்தான். மூக்கில் போனதெல்லாம் ரத்தத்தில் சேர்ந்துவிடாது என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் எந்த டிரம்மின் முன்னால் கை நிதானமாக வேண்டும் என்பதை இது தெளிவாகச் சொல்லிவிடும்.

1970களில் போர்ட்டோ ரிக்கோவில் கருத்தடை மாத்திரை தயாரித்த ஓர் ஆலையில் ஆண் தொழிலாளர்களுக்கு மார்பு பெருத்தது, பெண்களுக்கு மாதவிலக்குக்கு இடையில் ரத்தப்போக்கு ஏற்பட்டது. அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து, காரணம் தூள்தான் என்று பதிவு செய்தார்கள். நம் பக்கத்தில் ஸ்டீராய்டு பேட்ச் தொடர்ந்து ஓடிய ஒரு யூனிட்டில், கூட வேலை பார்த்த ஒருவருக்கு முகம் வட்டமாக உப்பியது. டாக்டர், “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்றுதான் முதலில் கேட்டாராம். அவர் ஒரு மாத்திரையும் சாப்பிடவில்லை. அவருடைய வேலை சல்லடை இயந்திரத்தின் பக்கத்தில்.

பென்சிலினுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பிரச்சினை ஒவ்வாமை. ஒருவருடைய உடம்பு ஒருமுறை அதை எதிரியாக அடையாளம் வைத்துவிட்டால், அப்புறம் மிகச் சிறிய அளவே மூச்சை அடைத்துவிடும். பென்சிலின் வகைக்குத் தனிக் கட்டடம், தனிக் காற்றோட்டம் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறோமே இசப்கோல், அதன் தூளைக் கையாளும் தொழிலாளர்களுக்கும் ஆஸ்துமா வருகிறது. வீட்டு அலமாரியில் இருக்கிற பொருள் என்பதால் அதற்கு யாரும் முகமூடி தேடுவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

கண்ணை நம்ப முடியாத தொழில் இது. மைக்ரனைஸ் செய்து வரும் மூலமருந்தில் பெரும்பாலான துகள்கள் 10 மைக்ரானுக்கும் கீழே. 5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை போய்விடும். காற்றே அசையாத அறையில் 10 மைக்ரான் துகள் மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு இறங்க எட்டு நிமிடம் போல ஆகும். 1 மைக்ரான் துகளுக்குப் பல மணி நேரம். வேலை முடிந்தது, அறை தெளிந்தது என்று மாஸ்க்கைக் கழற்றுகிற நேரத்தில் அது இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. விளக்குகளை அணைத்துவிட்டு, சக்திவாய்ந்த டார்ச் ஒன்றை எடை போடுகிறவருக்குப் பின்னாலிருந்து நம் பக்கமாக அடித்துப் பாருங்கள். ஓட்டு வீட்டுக்குள் விழும் வெயில் கீற்றில் தெரிவதுபோல, ஒவ்வொரு ஸ்கூப்புக்கும் எழுகிற புகை தெரியும். புதியவர்களுக்கு இதைக் காட்டிவிட்டால் பாதி வகுப்பு முடிந்த மாதிரி.

மிச்சப் பாதி கையில் இருக்கிறது. டிரம்மைத் திறந்ததும் உள்ளே இரண்டு பாலிதீன் பைகள், ஒன்றுக்குள் ஒன்று. உள்பையின் கழுத்தில் இருக்கும் டேக்கை வெட்டிவிட்டு, கழுத்தை விடாமல் மெதுவாக விரிக்க வேண்டும். உதறக் கூடாது. ஸ்கூப்பை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. வாங்கும் பையின் அடிவரை ஸ்கூப்பை இறக்கி, தூளின்மேலேயே சாய்த்து வழியவிட வேண்டும். மேலிருந்து கொட்டினால் விழுகிற தூரம் முழுவதும் புகைதான். எடை கூடிவிட்டால் ஸ்கூப்பைத் தட்டித் திருப்பிப் போடுகிற பழக்கம் ஒன்று உண்டு. தட்டாமல், சிறு கரண்டியால் எடுக்கலாம்.

இதில் மோசமான கட்டம் எடை போடும்போது வருவதில்லை. வேலை முடிந்ததும் காலிப் பையை மடிக்கிறோமே, அப்போது வருகிறது. பையிலிருக்கும் காற்றை வெளியேற்ற நெஞ்சோடு சேர்த்து அமுக்குவார்கள். பைச்சுவரில் ஒட்டியிருந்த மிக மெல்லிய தூள் அத்தனையும் அந்தக் காற்றோடு நேரே முகத்துக்கு வரும். கழுத்தை முறுக்கிக் கட்டி, காற்றோடு அப்படியே இன்னொரு பைக்குள் வைத்துவிட வேண்டும். கழிவு மூட்டை உப்பலாக இருக்கிறதே என்று சூப்பர்வைசர் கோபப்பட்டால் படட்டும்.

எடை போடுவதற்கான ஆர்எல்ஏஎஃப் (ரிவர்ஸ் லேமினார் ஏர் ஃப்ளோ) பூத்துக்குள் காற்று மேலிருந்து வினாடிக்கு 0.45 மீட்டர் அளவில் இறங்கி, பின்சுவரின் அடியில் உள்ள கிரில் வழியாகப் போகிறது. டிரம் கிரில்லுக்கும் நமக்கும் நடுவில் இருக்க வேண்டும், தலை டிரம்முக்கு மேலே குனியக் கூடாது. இட நெருக்கடியில் கிரில்லை ஒட்டி நாலு டிரம்மை அடுக்கிவிட்டால், லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய பூத் வெறும் மின்விசிறிதான். காற்றழுத்தக் கேஜில் முள் சரியாக நிற்கிறது என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறவர், கிரில்லையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கீழே சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டுவதும் கம்ப்ரஸ்டு ஏரால் ஊதுவதும் கூடவே கூடாது. ஈரத்துணி, இல்லையென்றால் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம்.

மூச்சுக்குப் பெரிய ஆபத்தில்லாத தூளிலும் தீ ஆபத்து உண்டு. பாரசிட்டமால், ஸ்டார்ச், செல்லுலோஸ் மூன்றும் காற்றில் கலந்து ஒரு பொறி கிடைத்தால் வெடிக்கக் கூடியவை. 2003 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் கின்ஸ்டன் நகரில், மருந்துக் குப்பிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்த ஆலை வெடித்து 6 பேர் இறந்தார்கள். வேலை நடந்த கூடம் சுத்தமாகவே இருந்தது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, யார் கண்ணிலும் படாமல், பாலிஎத்திலின் தூள் படிந்துகொண்டே இருந்தது. 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் வெடித்த ஆலை, நாம் அன்றாடம் மாத்திரையில் சேர்க்கும் மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸைச் செய்துவந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) ஊற்றிய, தூளைக் குருணையாக்கும் கிரானுலேட்டருக்குள் பிளாஸ்டிக் பையிலிருந்து தூளைக் கொட்டுகிற நேரம்தான் எனக்கு எப்போதும் அடிவயிற்றைக் கலக்கும். ஐபிஏ 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் மார்கழி இரவுகூட அதைவிடச் சூடு. பையிலிருந்து தூள் சரியும்போது பையிலும் ஆளிலும் நிலைமின்சாரம் ஏறுகிறது. விரலில் சுருக்கென்று உணர முடியாத சிறு பொறியே அந்த ஆவிக்குப் போதும். அதனால் தூளை முதலில் போட்டு மூடிய பிறகுதான் ஐபிஏவைக் குழாய் வழியாக விட வேண்டும். எர்த்திங் கிளிப் பெயின்ட்டின் மேல் கடித்துக்கொண்டிருந்தால் அது மாட்டாததற்குச் சமம். உலோகம் தெரிகிற இடத்தில் மாட்ட வேண்டும்.

வெளியே வரும்போது கையுறையை எடுத்த எடுப்பில் கழற்றக் கூடாது. முதலில் கவுன், உட்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி. பிறகு கையுறை. அதன் பிறகு கை கழுவி, ரெஸ்பிரேட்டர். தினக்கூலிக்கு வருகிறவர்களிடம் கவுனை வீட்டில் துவைத்துக் கொண்டுவரச் சொல்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கவுன் குழந்தையின் சட்டையோடு ஒரே வாளியில் ஊறும். இதைக் கேட்கும்போது வரும் கோபத்தை நான் அடக்கிக்கொள்வதில்லை. நிர்வாகத்திடம் சொல்லி, கம்பெனிக்குள்ளேயே துவைக்க ஏற்பாடு கேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன்.

காலி டிரம்மும் அப்படித்தான். தண்ணீர் பிடிக்கவும் அரிசி கொட்டி வைக்கவும் தோதாக இருக்கும் என்று பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல கிராக்கி. உள்பை கிழிந்திருந்தால் டிரம்மின் விளிம்பு மடிப்பில் தூள் நின்றிருக்கும், ஒரு தடவை கழுவினால் போகாது. ஸ்டீராய்டு, ஹார்மோன், புற்றுநோய் மருந்து வந்த டிரம்களைக் கழிவோடு சேர்த்து எரிப்பதற்குத்தான் அனுப்ப வேண்டும். மற்றவற்றில் லேபிளைச் சுரண்டி எடுத்து, அடியில் இரண்டு இடத்தில் ஓட்டை போட்ட பிறகே கேட் பாஸில் கையெழுத்துப் போடலாம்.