புல்வெட்டும் வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் வேண்டுமா?

ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான் என்பது இங்கே வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதில் பெரும்பகுதி மோட்டார் தர்ட் பார்ட்டி பிரிவு. அதாவது வண்டி யாரையாவது இடித்துவிட்டால், இடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கிற வேலை. கொடுக்காமல் இருக்க முடியுமா என்று பார்க்கிற வேலையும் அதுவேதான். மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருப்பதால் நானும் மனைவியும் சில கோடைகளை அங்கே கழித்திருக்கிறோம். அங்கே எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு, அந்த ஊர் இன்ஷூரன்ஸ் சட்டங்களைப் படிப்பது. "அப்பா, எல்லோரும் கோட்டை பார்க்கப் போகிறார்கள், நீங்கள் ஆக்ட் படிக்கிறீர்கள்" என்று மகள் கேலி செய்வாள்.

அப்படிப் படித்ததில் என் மனதில் தங்கிவிட்ட வழக்கு ஒன்று உண்டு. ஸ்லோவேனியா நாட்டில் 2007 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, ஒரு பண்ணையில் வைக்கோல் கட்டுகளைப் பரணில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஏணியில் நிற்கிறார். டிரெய்லர் மாட்டிய டிராக்டர் ஒன்று பின்னால் வந்து ஏணியில் இடிக்கிறது. அவர் கீழே விழுகிறார். டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. அவர் கேட்டது பதினாறாயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் குறைவான தொகை. கீழ்க் கோர்ட்டுகள் முடியாது என்றன. பாலிசி என்பது டிராக்டர் சாலையில் போக்குவரத்துக்காக ஓடும்போதுதான், பண்ணைக்குள் வேலை செய்கிற இயந்திரமாக இருக்கும்போது அல்ல என்பது காரணம்.

இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் இதே வாதத்தை எங்கள் ஊரில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில், பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். அறுவடைக் காலம். களத்தில் கதிரைப் பரப்பி அதன் மேல் டிராக்டரைச் சுற்றவிட்டுப் போரடித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் பின்னால் எடுத்தபோது, ஓரத்தில் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கால் மீது சக்கரம் ஏறிவிட்டது. கூலிக்கு வந்தவர். முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கிளெய்ம் ட்ரிப்யூனலுக்கு வந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆவது பிரிவு "பொது இடத்தில்" வண்டியைப் பயன்படுத்துவதற்குத்தான் தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. களம் பொது இடமா, மிராசுதாரின் சொந்த இடமா? கம்பெனித் தரப்பு வக்கீல் இதையே பிடித்துக்கொண்டார். நான் நேரில் போய்ப் பார்த்து எழுதிய ரிப்போர்ட்டில், களத்துக்கு வேலியும் இல்லை, படலும் இல்லை, ஊரே அதன் குறுக்கேதான் ஆற்றுக்குப் போகிறது என்று எழுதியிருந்தேன். ட்ரிப்யூனல் அதை ஏற்றுக்கொண்டது. பொதுமக்கள் போய்வர முடிகிற இடமானால், சொந்தக்காரர் யாராக இருந்தாலும் பொது இடமே என்று நம்முடைய நீதிமன்றங்கள் பல வழக்குகளில் தாராளமாகவே பொருள் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் அந்தப் பெண்ணின் கைக்குப் பணம் போய்ச் சேர நாலு வருடம் ஆனது. களத்தைச் சுற்றி ஒரு கம்பி வேலி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. கால் போனது போனதுதான். வேலிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்லோவேனியா வழக்கு லக்சம்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. 2014 செப்டம்பர் 4-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வண்டியின் வழக்கமான உபயோகம் எதுவோ அது எல்லாமே கட்டாய இன்ஷூரன்ஸுக்குள் வரும், சாலையாக இருந்தால்தான் என்பதில்லை என்றார்கள். விழுந்தவரின் பெயரை வைத்து வ்னுக் தீர்ப்பு என்கிறார்கள்.

ஏணியிலிருந்து விழுந்தவருக்கு நியாயம் கிடைத்தது சரி. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஐரோப்பியச் சட்டத்தில் "வாகனம்" என்பதற்கு அப்போது இருந்த விளக்கம் மிக அகலமானது. தண்டவாளத்தில் ஓடாமல், தரையில் போவதற்கென்று, இயந்திர சக்தியால் நகர்கிற எதுவும் வாகனம். "சாலை" என்ற வரப்பை நீதிமன்றம் எடுத்துவிட்டதும் தண்ணீர் எல்லா வயலுக்கும் பாய்ந்தது. உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி, கோல்ஃப் மைதானத்து வண்டி, பந்தயக் கார், பொருட்காட்சியில் குழந்தைகள் முட்டி விளையாடுகிற மின்சாரக் கார், முடியாதவர்கள் உட்கார்ந்து போகிற மொபிலிட்டி ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்ற நிலை வந்துவிட்டது. சொந்தத் தோட்டத்தில் ஓட்டினாலும் கூட. பந்தயக்காரர்கள்தான் அதிகம் அலறினார்கள். இடித்துக்கொள்வதே விளையாட்டின் பாகமாக இருக்கிற இடத்தில் எந்தக் கம்பெனி பாலிசி கொடுக்கும் என்பது அவர்கள் கேள்வி. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நியாயமான கேள்வி.

பிரிட்டனில் 1930-லிருந்து தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். இப்போதைய 1988-ஆம் வருடச் சட்டமும் சாலை அல்லது பொது இடம் என்றுதான் சொல்கிறது. அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். பின்னால் நடந்துகொண்டே தள்ளுகிற, புல் வெட்டுவதைத் தவிர வேறு எதற்கும் ஆகாத இயந்திரம் மோட்டார் வாகனம் ஆகாது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். புல்தரையை அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பெரிய விஷயமாக நினைக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுக்க அந்தச் சத்தம்தான். தோட்டத்தில் அது யார் காலையாவது பதம் பார்த்தால், பெரும்பாலும் வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருக்கிற பொறுப்புக் காப்பீடே அதைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே புல்வெட்டி விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை.

ஸ்கூட்டர் விஷயம் வேறு.

2019 ஜூலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த என் மனைவியைப் பின்னாலிருந்து ஒரு மொபிலிட்டி ஸ்கூட்டர் இடித்துவிட்டது. ஓட்டி வந்தவர் எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். பிரேக் என்று நினைத்து ஓட்டுகிற பிடியை இன்னும் அழுத்திவிட்டார் போலிருக்கிறது. அந்த வண்டியை லேசாக நினைக்கக் கூடாது. சாலையிலும் ஓட்டத்தக்க மூன்றாம் வகுப்பு வண்டி வெறும் எடையிலேயே 150 கிலோ வரை இருக்கலாம். சாலையில் மணிக்கு 8 மைல், நடைபாதையில் 4 மைல் என்பது விதி. வேகத்தை மாற்ற ஒரு சுவிட்ச்தான். என் மனைவிக்கு இடது கணுக்காலில் எலும்பு விரிசல். அவசரப் பிரிவில் காசு கேட்கவில்லை. அதன் பிறகு போன எலும்பு கிளினிக்குக்கு, விசிட்டர் விசாவில் வந்தவர்கள் என்பதால் பில் வந்தது. ஊருக்குத் திரும்புகிற டிக்கெட்டை இரண்டு மாதம் தள்ளிப் போட்டோம். எங்கள் பயணக் காப்பீட்டில் பில்லைக் கொடுத்தார்கள், டிக்கெட் மாற்றிய பணத்தைக் கொடுக்கவில்லை.

என் மாப்பிள்ளை கோபமாக, "அந்த ஆளோட இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணுங்க மாமா, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரிந்ததால்தான் நான் பேசாமல் இருந்தேன். 1970-ஆம் வருடச் சட்டப்படி இந்த வண்டிகள் மோட்டார் வாகனமாகவே கருதப்படுவதில்லை. லைசென்ஸ் வேண்டாம், வரி இல்லை. மூன்றாம் வகுப்பு வண்டியை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், ஆனால் இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை, எடுத்துக்கொள்வது நல்லது என்று யோசனை மட்டும் சொல்கிறார்கள். கார் இடித்துவிட்டு ஓடிப் போனாலோ, இன்ஷூரன்ஸ் இல்லாத கார் இடித்தாலோ, அங்கே மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ என்று ஒரு அமைப்பு 1946-லிருந்து இருக்கிறது. கம்பெனிகள் சேர்ந்து போடுகிற பணத்திலிருந்து அது நஷ்ட ஈடு கொடுக்கும். மோட்டார் வாகனமே இல்லை என்றால் அந்தக் கதவும் திறக்காது. பெரியவர் மீது வழக்குப் போடலாம். பென்ஷனில் தனியாக வாழ்கிறவர் மீது வழக்குப் போட்டு என்ன வாங்குவது?

அவர் மூன்று வாரம் தொடர்ந்து, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், அதே ஸ்கூட்டரில் பூங்கொத்தோடு வந்து வாசலில் மணி அடித்தார். என் மனைவிக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறி வரும். இருவரும் எப்படியோ பேசிக்கொள்வார்கள். மூன்றாவது வாரம் அவர் போன பிறகு, "ஏங்க, அந்த மனுஷனுக்கு அந்த வண்டி இல்லேன்னா வாசப்படி தாண்ட முடியாதாம். அதுக்கும் பாலிசி, பரீட்சைன்னு போட்டு வீட்டுக்குள்ள அடைச்சிராதீங்க" என்றாள். ஏதோ நான்தான் பார்லிமென்டில் உட்கார்ந்து சட்டம் போடுகிறவன் மாதிரி.

பார்லிமென்டிலும் ஏறக்குறைய அப்படியேதான் முடிவு செய்தார்கள். 2019-இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம், தனியார் நிலத்தில் இன்ஷூரன்ஸ் இல்லாத ஜீப் மோதிக் கடுமையாகக் காயம்பட்ட ஒருவருக்கு அந்த பீரோ பொறுப்பு என்று ஐரோப்பியச் சட்டத்தை வைத்துத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகு, வ்னுக் தீர்ப்பின் பாதிப்பை நீக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பீட்டர் போன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா, 2022 ஏப்ரலில் சட்டமானது. இல்லாவிட்டால் ஒவ்வொரு கார்க்காரருக்கும் வருடத்துக்கு சுமார் 50 பவுண்டு பிரீமியம் கூடும் என்பது அரசாங்கம் சொன்ன கணக்கு.

ஐரோப்பியர்களும் பிறகு இறங்கி வந்தார்கள். 2021-இல் திருத்திய உத்தரவில் எடை, வேகம் இரண்டையும் வைத்துக் கோடு போட்டார்கள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய வண்டி, அல்லது 25 கிலோவுக்கு மேல் எடையும் 14 கிலோமீட்டருக்கு மேல் வேகமும் உள்ள வண்டிதான் வாகனம். உடல் ஊனமுற்றவர்களுக்கென்றே செய்த சக்கர நாற்காலி வண்டிகளைத் தனியாக விலக்கிவிட்டார்கள். டிராக்டர் உள்ளே, புல்வெட்டி வெளியே. எனக்கு இது நல்ல கோடாகவே படுகிறது. மணிக்கு 8 மைல் என்பது 13 கிலோமீட்டருக்குப் பக்கம். அந்த 14 எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆனால் ஸ்கூட்டர்காரர்கள் அந்தக் கணக்கிலும் தப்பிவிடுகிறார்கள்.

கட்டாய இன்ஷூரன்ஸ் ஸ்கூட்டருக்கு வேண்டாம் என்பதில் நான் மனைவியின் கட்சிதான். கட்டாயம் என்றால் சோதிக்க ஆள் வேண்டும், பிடித்தால் அபராதம், கட்டாவிட்டால் கோர்ட். நடக்க முடியாதவர்களை அதில் இழுக்க வேண்டுமா? ஆனால் அதோடு விட்டுவிடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. அந்த பீரோவின் கதவை ஸ்கூட்டரால் அடிபட்டவர்களுக்கும் திறந்து வைக்கலாமே. கார் பிரீமியத்தில் சில காசுகள் கூடும், அவ்வளவுதான். அல்லது வண்டியோடு பாலிசியையும் சேர்த்தே கொடுக்கலாம். அங்கே மோட்டபிலிட்டி என்ற திட்டத்தில் அரசு உதவித் தொகையைக் கொண்டு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு, அந்த வாடகைக்குள்ளேயே இன்ஷூரன்ஸும் அடக்கம். யாரையும் சோதிக்கவும் வேண்டாம், யாருக்கும் மறக்கவும் மறக்காது.

கடைசியாகப் போனபோது என் மனைவிக்கு முழங்கால் ரொம்ப முடியவில்லை. அங்கே பல ஊர்களில் ஷாப்மொபிலிட்டி என்று கடைத்தெருவில் ஸ்கூட்டர் இரவல் தருகிறார்கள். மகள் ஒன்றை எடுத்து வந்தாள். அவர்கள் நீட்டிய இரண்டு பக்கக் காகிதத்தை நான் கவுன்டரிலேயே நின்று முழுதும் படித்தேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. "இடிபட்டவருக்கு யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டாம் பக்கத்தில் ஏழாவது வரியைக் காட்டினாள். தர்ட் பார்ட்டி, இருந்தது. அதற்குள் என் மனைவி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த வண்டிகளில் வேகத்துக்கு ஒரு குமிழ் இருக்கும், ஒரு பக்கம் ஆமைப் படம், ஒரு பக்கம் முயல் படம். ஆமைப் பக்கம் வைத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே நான் வெளியே வருவதற்குள் அவள் பேக்கரி வாசலுக்குப் போய்விட்டிருந்தாள்.