இருக்கையும் இருதயமும்

சென்ற தவணையின் முதல் நாள், மேல்மாடியிலுள்ள என் வகுப்பிற்குப் படியேறிச் சென்றபோது, பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினேன். பின்னால் வந்த மாணவன் ஒருவன், "புத்தகங்களை நான் கொண்டுவரட்டுமா, சேர்?" என்று கேட்டான். அவனது பரிவு எனக்கு உவப்பாயிருக்கவில்லை. அன்று மாலையே, வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றித் தருமாறு அதிபருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன்.

அதனைக் கண்ணுற்ற என் மகள், "அப்பா, அப்பப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது என்ன வயது?" என்று வினவினாள். என் தந்தையார் 52 வயதிற் காலமானவர். எனக்கு இப்பொழுது 46. விண்ணப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு, மறுநாள் வைத்தியரிடஞ் சென்றேன்.

இருதயத்திற் பழுதில்லை, ஆயினும் குருதியமுக்கமும் உடல் எடையும் மிகுந்துள்ளன என்று அவர் கூறினார். பின்னர், "மாஸ்டர், நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?" என்று கேட்டார். வீட்டு வாசலிலிருந்து கல்லூரி வாசல்வரை மோட்டார் சைக்கிள், வகுப்பிலே நாற்காலி, இரவிலே தொலைக்காட்சி. விடை கூற நாணினேன்.

பட்டப் படிப்புக் காலத்தில் அறிந்த ஓர் ஆராய்ச்சி அப்போது நினைவுக்கு வந்தது. ஜெரமி மொறிஸ் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டி ஊழியரை ஆராய்ந்து, 1953இல் முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்திருக்கும் சாரதிகளைவிட, நாளொன்றுக்கு 500க்கு மேற்பட்ட படிகளை ஏறியிறங்கும் நடத்துநரிடையே இருதய நோய் குறைவாகவே காணப்பட்டது. ஆயினும் மொறிஸ் அவ்வளவில் அமைந்துவிடவில்லை. ஊழியரின் சீருடை அளவுகளை ஆராய்ந்து, சாரதிகள் இடுப்புப் பருத்தவர்களாகவும் இருந்தனர் என்பதை 1956இல் அவரே எடுத்துக்காட்டினார். ஆகவே வேறுபாடு முழுவதற்கும் படிகளே காரணமென்று கூறுதல் பொருந்தாது. எனினும், பின்வந்த பல ஆராய்ச்சிகளும் உடலுழைப்பின் நன்மையை உறுதி செய்துள்ளன.

இவ்விடத்தில் வாசகர் ஒரு வினா எழுப்பக்கூடும். என் தந்தையார் நாள்தோறும் தோட்டத்தில் உழைத்தவர். துவிச்சக்கர வண்டியன்றி வேறு வாகனம் அறியாதவர். அவருக்கு ஏன் அந்நோய் வந்தது? அவர் வாயிலே சுருட்டு அணைந்ததில்லை என்பதே நான் நெடுங்காலம் சிந்திக்க மறந்த உண்மை. இருதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளின் உட்சுவரைப் புகை கெடுக்கின்றது. கொழுப்பு அங்கே படிந்து வழியை ஒடுக்குகின்றது. அப்படிவு வெடித்துக் குருதி உறைந்தால் மாரடைப்பு நேரிடுகின்றது. ஒரு நற்பழக்கம் மற்றொரு தீப்பழக்கத்திற்கு ஈடாகாது. ஆயினும் புகைத்தலை விட்டவருக்கு ஓராண்டிலேயே அபாயம் பெரிதும் குறையத் தொடங்குகின்றது என்பது ஆறுதலான செய்தி. தந்தையாருக்கு இதனை எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

பரம்பரையை மாற்ற என்னால் இயலாது. பழக்கத்தை மாற்ற இயலும். வைத்தியரின் அனுமதியுடன் காலையில் அரைமணி நேரம் நடக்கின்றேன். சோற்றுக்கு மேலும் உப்பிடும் வழக்கத்தை விட்டேன். மாலைத் தேநீருடன் வந்த வடை இப்போது ஞாயிறன்று மட்டுமே வருகின்றது. நெஞ்சு நோவோ புதிய மூச்சுத்திணறலோ உடையவர்கள், என்னைப் பார்த்து உடனே நடக்கத் தொடங்காது, முதலில் வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

அதிபருக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். படிகளை இன்னும் மெதுவாகவே ஏறுகின்றேன். ஆனால் புத்தகங்களை நானே சுமக்கின்றேன்.