பதுளை ஏற்றத்தில் சைக்கிள்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்த பெண்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் முன் பாரில் பிள்ளையும் பின் கரியரில் விறகுமாக உழக்கியவர்கள் நீங்கள். இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களை ஏற்றி உருட்டியதும் அதே சைக்கிளில்தான். ஆனால் அது சமதரை. ஊவா மலைநாட்டின் பாதை வேறு.

பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை வழியாக ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போனால் ஹப்புத்தளை வரும். அதன் உயரம் ஏறத்தாழ 1,430 மீற்றர். வழிநெடுகத் தேயிலை மலைகள், லயங்கள், வளைவுகள். இங்கே தோட்டப் பெண்கள் சைக்கிளில் போவதை நான் அதிகம் கண்டதில்லை. நடந்தோ, பஸ்ஸிலோ, ஓட்டோவிலோதான் போகிறார்கள்.

இந்தத் தூரத்தை ஒரே நாளில் ஏறி முடிக்க, என்னோடு வேலை செய்யும் இரு பெண்களும் நானும் பயிற்சி எடுக்கிறோம். மூவருக்கும் ஏற்றம் புதிது. வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறோம். முதல் மாதம் ஹாலி-எல வரை மட்டுமே போனோம். பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுகிறோம்.

ஏற்றத்தில் அவசரம் உதவாது. ஏற்றம் தொடங்குமுன்பே இலேசான கியருக்கு மாற்ற வேண்டும். பக்கத்தில் வருபவருடன் ஒரு வசனம் பேசக்கூடிய வேகமே போதும். கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்களைப் பாருங்கள். சின்னச் சின்ன அடியாக, ஒரே சீராக ஏறுவார்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி சீற்றை உயர்த்தினால் முழங்கால் நோவு குறையும்.

இறக்கத்தில்தான் கூடிய கவனம் வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் நாங்கள் வெளிக்கிடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

பதுளைக்கு ரயில் வந்த 1924ஆம் ஆண்டிலேயே, இத்தாலியைச் சுற்றும் பெரிய சைக்கிள் பந்தயத்தில் அல்போன்சினா ஸ்ட்ராடா என்ற பெண் ஆண்களோடு ஓடினார். மழையிலும் காற்றிலும் ஒரு நாள் நேரங்கடந்து வந்ததால் அவர் போட்டிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் 3,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட முழுத் தூரத்தையும் ஓடி மிலான் நகரை அடைந்தார்.

உடலில் பழைய காயமோ ஷெல் துண்டோ உள்ள சகோதரிகள் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஊரின் பாலத்து ஏற்றத்திலோ குளக்கட்டுப் பாதையிலோ தொடங்கலாம். களைத்த இடத்தில் இறங்கி உருட்டுங்கள். பிள்ளைகளுக்கும் வீட்டுக்குமாகவே இத்தனை காலம் உழக்கிய கால்கள், வாரத்தில் ஒரு மணித்தியாலம் உங்களுக்காகவும் உழக்கட்டும்.

நாங்கள் இப்போது தெமோதரை வரை வந்திருக்கிறோம். அடுத்தது பண்டாரவளை.