அரைப்பேர்

கடந்த மிளகுக் காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறிய விடயம் இது. எழுதத்தான் வேண்டுமா என்று பல நாள் தயங்கினேன். பிறரைப் பற்றி முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதியவனுக்குத் தன்னைப் பற்றிய செய்தியை எழுதக் கை வருவதில்லை.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் வீதியோரம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. முள்முருக்கு மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. பறிப்பதற்காக அருகிலுள்ள தோட்டத்து லயத்திலிருந்து இருவரை வரச் சொல்லியிருந்தேன். நாட்கூலி 3000 ரூபாய். தேநீரும் மதியச் சோறும் எங்களுடையவை. ஒருவர் ஐம்பதைக் கடந்தவர். காலை ஏழு மணிக்கே மூங்கில் ஏணியோடு வாசலில் நின்றார். மற்றவர் இளைஞர். அவர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று.

"பிள்ளைக்குக் காய்ச்சல் சேர். ஆஸ்பத்திரியில விட்டுட்டு வாரேன்" என்றார்.

"சரி தம்பி, ஏறுங்கள்" என்றேன். மாலை ஐந்து மணிக்கு மூத்தவரிடம் 3000 ரூபாயைக் கொடுத்தேன். இளைஞரின் கையில் 1500 ரூபாயை எண்ணி வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நானும் நியாயமாக நடந்துகொண்ட திருப்தியோடு கால் கழுவி உள்ளே சென்றேன்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் வாசிக்கப்பட்ட பகுதி மத்தேயு 20ஆம் அதிகாரம். திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமை. வாசகர்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். தோட்டக்காரர் விடியற்காலையில் சிலரைக் கூலி பேசி அழைத்து வருகிறார். பிறகு ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும், கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போய், வேலையின்றி நின்றவர்களை அழைத்து வருகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கூலி: ஒரு வெள்ளிப்பணம். ரோமர் ஆட்சிக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம் அது. ஒரு குடும்பம் அன்றைக்கு உண்ண வேண்டியது அவ்வளவுதான். தலைவன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனான் என்று அடுப்பு கேட்பதில்லை.

போதகர் இறைவனின் அளவற்ற கிருபையைப் பற்றிப் பேசினார். நல்ல பிரசங்கம். ஆனால் என் மனம் கிருபையில் நிற்கவில்லை. 1500 ரூபாயில் நின்றது.

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இந்த உவமை வேறு விதமாகக் காதில் விழும். தமிழ் வேதாகமம் 'தோட்டம்' என்கிறபோது, நாங்கள் திராட்சைக்கொடியைக் கண்டதில்லை. தேயிலைத் தோட்டத்தைத்தான் கண்டோம். கூலியைக் கொடுக்கும் காரியக்காரன் எங்களுக்குக் கணக்கப்பிள்ளை. விடியற்காலைச் சந்தைவெளி என்பது பிரட்டுக்களம். பிரட்டுக்குப் பிந்தி வருபவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே நாங்கள் அறிந்த முறை. ஐந்து மணிக்கு வந்தவனுக்கு முழுப்பேர் போட்ட துரை ஒருவர் இருந்தார் என்றால், சிறுவயதில் எனக்கு அது செங்கடல் பிளந்ததைவிடப் பெரிய அற்புதமாகத் தோன்றியது.

'பேர் போடுவது' என்றால் என்னவென்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பேர். நிர்ணயித்த கிலோ அளவுக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். என் தாயார் இரத்தோட்டை மலைப்பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். எழுபதுகளின் இறுதியில் எனக்குக் கடும் காய்ச்சல் கண்டிருந்த ஒரு நாள், மதியம் லயத்துக்கு ஓடி வந்து கஞ்சி கொடுத்துவிட்டு மறுபடி மலையேறினார். மாலை மடுவத்தில் நிறுத்தபோது இரண்டு இறாத்தலோ மூன்று இறாத்தலோ குறைந்தது. அரைப்பேர். அன்றிரவு அவர் அழவில்லை. "உன் காய்ச்சலுக்கு அரைப்பேர் போச்சுடா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல மேடைகளில் உருக்கமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அதே அரைப்பேரைத்தான் இப்போது நானே ஒருவருக்குப் போட்டிருந்தேன். அதுவும் பிள்ளைக் காய்ச்சலுக்கு.

இந்த மலைகளுக்கு வேதாகமம் வந்த விதமும் நினைவுக்கு வந்தது. மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தவர்கள் எங்கள் முன்னோர். வழியில் வாந்திபேதியில் மாண்டவர்கள் பல்லாயிரம். 1854இல் தோட்டத்துரைமார் சிலரின் பண உதவியோடு, சர்ச் மிஷன் சங்கத்தார் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினர். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து கோப்பித் தோட்டங்களில் சுவிசேஷம் வாசித்தார்கள். கூலியாளின் ஊதியத்தைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமத்தில் கட்டளை இருக்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடும் என்கிறது யாக்கோபின் நிருபம். ஆனால் அந்தக் காலத்தில் தோட்டச் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. கடனுக்கு ஆளைக் கைமாற்றிய துண்டுமுறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. மிஷனுக்குச் சந்தா கொடுத்த துரைமார் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சம்பள நாளும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்களில் இருந்தன, அவ்வளவுதான். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இன்றும் அரைப்பேர் மறையவில்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ அளவும் கூடவே ஏறியது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. இதையெல்லாம் நான் கட்டுரைகளாக எழுதியிருக்கிறேன், சற்றுக் காரமாகவே.

மனைவியிடம் சொன்னேன். "பதினொரு மணிக்கு வந்தவருக்கு முழுக்காசு கொடுத்தால், ஏழு மணிக்கு வந்தவர் என்ன நினைப்பார்?" என்று கேட்டாள். உவமையில் முணுமுணுத்தவர்களின் கேள்வி அதுதான். உண்மையில் அன்று மாலை என் கையைத் தடுத்ததும் அந்த மூத்தவரின் முகம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. மிச்சமாகும் 1500 ரூபாயும் கண்ணில் பட்டது. மணிக்கணக்கு பார்த்தால்கூட அவர் பத்தில் ஆறு மணிநேரம் வேலை செய்திருந்தார். அரை நாளைவிடக் கூடுதல்.

திங்கட்கிழமை மாலை லயத்துக்கு ஏறிப்போனேன். காம்பராவின் வாசலில் இளைஞரின் தாயார் இருந்தார். குழந்தை சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டது. நான் நீட்டிய 1500 ரூபாயைப் பார்த்து இளைஞர் பின்வாங்கினார்.

"அன்னைக்கிக் கணக்கு முடிஞ்சிச்சே, சேர்."

"முடியவில்லை தம்பி. நான் பிழையாக எண்ணிவிட்டேன்."

அவர் தாயாரைப் பார்த்தார். அந்த அம்மா, "வாங்கிக்க, ஐயா மலையேறி வந்திருக்காரு" என்றார்.

பக்கத்துக் காம்பரா மூத்தவருடையது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு திண்ணையில் மட்டக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கும்போது தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"அப்ப அடுத்த கெழமை நானும் பதினொரு மணிக்கு வரவா, சேர்?"

விளையாட்டாகக் கேட்டாரா, வலியோடு கேட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை. பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். அடுத்த கிழமை காலை ஆறே முக்காலுக்கு நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தேன். வாசலில் ஏணியோடு அவர் நின்றார்.