கால் உள்ளவரை

தை பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாலைகளின் நிறமே மாறிவிடும். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலையின் ஓரமெங்கும், பச்சையும் மஞ்சளும் உடுத்தியவர்கள் இரவு பகல் பாராமல் நடந்துகொண்டிருப்பார்கள். கிணத்துக்கடவுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சிற்றூரிலிருந்து மலையடிவாரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மூன்று நாள் நடை. அந்த நடையை எங்கள் அப்பா 1985 முதல் 2020 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், ஒருமுறைகூடத் தவறாமல் நடந்தவர்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களில் இளையவன் பிறந்த சில மாதங்களில் காய்ச்சல் கண்டு கண் திறவாமல் கிடந்தானாம். அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். அப்பாவோ, "காலு இருக்கற வரைக்கும் நடந்து வர்றேன்" என்று மலையிருக்கும் திசை நோக்கிச் சொல்லிவிட்டார். காசு அடுத்த ஆண்டே உண்டியலுக்குப் போய்விட்டது. அப்பாவின் வார்த்தை மட்டும் அப்படியே நின்றது.

நாங்கள் இருவரும், அண்ணனும் தம்பியுமாக, சிங்கப்பூரில் வேலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவின் நடையை நாங்கள் ஒரு பழக்கமாகத்தான் எண்ணியிருந்தோமே தவிர, கடனாக எண்ணியதில்லை. 2021இல் நோய்த்தொற்று அச்சத்தில் அவரை வீட்டிலேயே நிறுத்தி வைத்தோம். 2022இல் தைப்பூசத்தன்று தமிழகத்தில் கோயில்களுக்குள் பக்தர்களுக்கு அனுமதியில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் சிங்கப்பூரிலும் பாதயாத்திரை கிடையாது, காவடி கிடையாது. கோயிலிலேயே ஆயத்தம் செய்து வைத்த பால்குடத்தை வாங்கிச் செலுத்துவதோடு சரி. 2023இல் வழி திறந்தது. ஆனால் அதற்குள் அப்பாவின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டிருந்தன. வாசற்படி இறங்கவே கைத்தடி வேண்டியிருந்தது.

மார்கழி முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். "காலு இருக்கற வரைக்கும்னுதானே சொன்னேன், காலு இருக்குதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அவருக்குப் பதிலாக நாங்கள் நடந்துவிடுவது என்று முடிவு செய்தோம். அந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது எங்களுக்கு வசதியாயிற்று. இங்கே வேலை நாளில் பூசம் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். 1968 வரை சிங்கப்பூரில் இந்நாள் பொது விடுமுறையாக இருந்தது, பிறகு நீக்கப்பட்டது. பழனி இருக்கும் தமிழ்நாட்டிலோ 2021இல்தான் முதன்முறையாகப் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது. பினாங்கிலும் மொரீஷியஸிலும் அதற்கு வெகுகாலம் முன்பே விடுமுறை. எந்த அரசாணைக்கும் காத்திராமல்தான் அப்பா போன்றவர்கள் அந்தச் சாலையில் நடந்திருக்கிறார்கள்.

விஷயத்தை அப்பாவிடம் சொன்னோம். சற்று நேரம் மௌனம். பிறகு கேட்டார்:

"எத்தன தூரம்?"

"நாலு கிலோமீட்டருக்குள்ளதானுங்கப்பா."

"அது நம்ம தோட்டத்துக்குப் போயிட்டு வர்ற தூரமல்லோ." மறுபடி ஒரு மௌனம். "அந்தச் சாமி நம்ம சாமிதானா கண்ணு?"

இதற்கு எங்களிடம் விடை இருந்தது. டேங்க் சாலைக் கோயிலை 1859இல் எழுப்பியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் அதே சமூகத்தார். வட்டித்தொழிலுக்காகக் கடல் கடந்தவர்கள், தாங்கள் நடந்து சென்று தொழுத தண்டாயுதபாணியையே இங்கும் நிறுவினார்கள். இதைச் சொன்னதும், "சரி, செருப்பு இல்லாம நடங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்.

சிராங்கூன் சாலையில் உள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்துதான் இங்கே பால்குடங்களும் காவடிகளும் புறப்படுகின்றன. பெருமாள் கோயிலில் தொடங்கி முருகன் கோயிலில் முடியும் யாத்திரை எங்களுக்கு முதலில் விநோதமாகப் பட்டது. மாமன் வீட்டிலிருந்து மருமகன் வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டதும் அந்த விநோதம் போய்விட்டது. சனிக்கிழமை நள்ளிரவை நெருங்கும் வேளையில் எங்கள் முறை வந்தது. நேரம் குறித்து முன்பதிவு செய்த சீட்டைக் காட்டி, குடத்தில் பால் நிறைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டோம்.

எங்கள் ஊர்ச் சாலையில் பூசக் கூட்டத்துக்கு முன்னால் தவிலும் பம்பையும் கேட்கும். இங்கே 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்து, 2016 முதல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. அவ்விடங்களைக் கடந்துவிட்டால் அரோகரா முழக்கமும் காலடிச் சத்தமும்தான். பக்கத்துத் தடத்தில் பேருந்துகளும் வாடகைக் கார்களும் ஓடிக்கொண்டிருந்தன. செலிகி சாலையை அடைந்தபோது, விளக்கு மாறும்வரை தொண்டர்கள் எங்களை நிறுத்தினார்கள். குடத்தைப் பிடித்தபடி, அருள் வந்தவர்களும் வராதவர்களுமாக எல்லோரும் சிவப்பு விளக்குக்குக் காத்து நின்றோம். எங்களுக்கு முன்னால் வயதான சீனப் பெண்மணி ஒருவர் மஞ்சள் சேலையில், குடம் துளியும் தளும்பாமல் நின்றார். யாருக்காக, எதற்காக என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களையும் யாரும் கேட்கவில்லை.

வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் இளைஞன் ஒருவன் ஓடிவந்து, குடத்தில் இருந்த எங்கள் கைகளை எடுக்க வேண்டாம் என்று சொல்லி, தானே கிண்ணத்தை வாயருகே வைத்துத் தண்ணீர் புகட்டினான். பெயர் தெரியாத அவன் முகத்தைப் பார்த்தபோதுதான், அப்பா ஆண்டுதோறும் பழனியிலிருந்து திரும்பி வந்து எங்களிடம் சொன்னவையெல்லாம் ஏன் அப்படி இருந்தன என்பது புரிந்தது. சந்நிதியைப் பற்றி ஓரிரு வார்த்தைதான் சொல்வார். கோமங்கலத்தில் யாரோ கால் பிடித்துவிட்டது, மடத்துக்குளம் தாண்டி நடுச்சாமத்தில் ஒரு கிழவி சுக்குக் காப்பி கொடுத்தது, சண்முகநதியில் குளித்தபோது பக்கத்தில் இருந்தவர் முதுகு தேய்த்துவிட்டது, இவைதான் அவருடைய பூசம்.

கிளமென்சோ அவென்யூ தாண்டிக் கோயிலை அடைந்து, பால் அபிஷேகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பாவை அழைத்தோம். எங்களுக்கு அதிகாலை இரண்டு மணி. ஊரில் முன்னிரவு பதினொன்றரை. உறங்கியிருப்பார் என்ற தயக்கம் இருந்தது. ஆனால் எடுத்தது அவர்தான். பின்னணியில் லாரிச் சத்தமும் அரோகராவும் கேட்டன.

உடுமலைக்கும் மடத்துக்குளத்துக்கும் நடுவே, யாரோ போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்திருந்தார். மாலையில் பேருந்து ஏறிப் போய்விட்டாராம். "நின்னுட்டு ஊத்த முடியல. ஒரு நாக்காலி போட்டுக் குடுத்தாங்க. மோரு ஊத்திக்கிட்டு இருக்கறேன்."

"உங்களுக்காகத்தான் நாங்க நடந்தோமுங்கப்பா. உங்க வேண்டுதல் தீந்துச்சு" என்றோம்.

"அதெப்படி கண்ணு?" என்றார். குரலில் கோபமில்லை. "உங்க நட உங்களுது. என்ற கணக்கு வேற."

எங்களுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அப்பா பட்ட கடனை மகன்கள் அடைத்துவிட்டதாகத்தான் அதுவரை எண்ணியிருந்தோம். அவரோ கடன் யாருக்கு என்பதையே வேறு விதமாகக் கண்டுகொண்டு, முப்பத்தாறு ஆண்டுகள் அந்தச் சாலை தனக்குக் கொடுத்ததை அதே சாலையில் உட்கார்ந்து ஒவ்வொரு குவளையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அதைக் கூட்டிக் கழிக்க எங்களுக்கு உரிமையில்லை.

அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் நாங்கள் பால்குடம் எடுக்கிறோம். யாருக்குப் பதிலாகவும் அல்ல. எடுத்து முடித்ததும் ஈரக்காலோடு ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் போய் விடியும்வரை நிற்கிறோம். அப்பாவுக்கு அந்த நாற்காலி ஒவ்வொரு பூசத்துக்கும் காத்திருக்கிறது. தொலைபேசியில் இப்போது அவர் தூரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "எத்தன பேருக்கு ஊத்துனீங்க?" என்றுதான் கேட்கிறார்.