பின்னால் வருகிறவனுக்கான விளக்கு

பேருந்துப் பணிமனையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் என்னைத் தேடி டிராக்டர்காரர்கள் வந்துவிடுவார்கள். கரும்பு வெட்டு தொடங்கும் நேரம். இரவில் ஆலைக்குப் போகும் ரோடெல்லாம் டிரெய்லர்தான்.

போன வருஷம் எதிர்வீட்டுப் பையன் வந்தான். "பெரியப்பா, டிரெய்லர்ல பின்லைட்டு சரியில்ல. பல்பெல்லாம் மாத்திட்டேன். வலது இண்டிகேட்டர் போட்டா இடது பக்கமும் சேர்ந்து மினுக்குது. பிரேக் மிதிச்சா எல்லாம் மங்கிடுது."

"அப்ப பல்புல ஒண்ணும் இல்லப்பா. எர்த்தப் பாரு" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். மின்சாரம் பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் பல்புக்குப் போகிறது. போனது திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும். பல டிரெய்லர்களில் திரும்பி வருவதற்குத் தனி ஒயர் இருக்காது. டிரெய்லரின் சட்டம், கொக்கி, டிராக்டரின் உடம்பு, இந்த இரும்புதான் வழி. கொக்கிப் பின்னில் கிரீசும் துருவும் ஏறியிருக்கும். பள்ளத்தில் குலுங்கும்போது தொட்டுத் தொட்டு விடும். நேர்வழி அடைபட்டால் மின்சாரம் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கு மினுக்குவதும், எல்லாம் மங்குவதும்.

நான் பார்க்கும் முறை இதுதான். முதலில் பிளக்கைக் கழற்றி, டிராக்டர் பக்கத்துச் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்ப்பேன். அங்கே கரண்ட் வந்தால் டிராக்டரில் கோளாறு இல்லை. வராவிட்டால் பியூஸ், சுவிட்ச் பக்கம் போக வேண்டும். அடுத்து பிளக்கைத் திரும்பச் செருகி, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து டிரெய்லர் சட்டத்தைச் சுரண்டித் தொடுவேன். விளக்குகள் பளிச்சென்று எரிந்தால் எர்த்துதான் என்று முடிவாகிவிடும்.

பையன் வண்டியிலும் பளிச்சென்று எரிந்தது. ஆயுத பூஜைக்கு டிரெய்லருக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தான். விளக்குச் சட்டத்தைக் கழற்றி, பெயிண்ட் காய்ந்த பிறகு அதன் மேலேயே திரும்ப மாட்டியிருந்தார்கள். அந்த இடங்களைச் சுரண்டி இறுக்கினோம். கொக்கியை நம்பாமல், சட்டத்திலிருந்து பிளக்குக்குத் தனி எர்த்து ஒயர் கொடுத்தோம். ஏழு பின் பிளக்கில் 3-ஆம் எண் அதற்கானது. பிளக்கில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பையும் உப்புத்தாளால் தேய்த்தோம். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு கடையிலும் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டு முறுக்கி வைத்திருப்பார்கள்.

செலவு என்று பார்த்தால் நாலைந்து மீட்டர் ஒயர்தான். ஆனாலும் சீசன் முழுக்க விளக்கில்லாமல் ஓடும் டிரெய்லர்கள் எத்தனை! முன்விளக்கு போனால் டிரைவருக்கு உடனே தெரியும், அன்றே சரிசெய்வார். பின்விளக்கு போனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை பின்னால் வருகிறவனுக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். மார்கழிப் பனியில் 30 மீட்டர் தூரத்தில் டிரெய்லர் கண்ணில் பட்டால், அவனுக்கு இரண்டு விநாடிகூட இல்லை. முன்பக்கம் நொறுங்கிப் பணிமனைக்கு வந்த பேருந்துகளைப் பார்த்திருக்கிறேன். "லைட்டே இல்ல சார், பஞ்சராகி நின்னிருக்கு" என்று டிரைவர்கள் கை நடுங்கச் சொல்வார்கள்.

விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. பாரம் ஏற்றியதும் கரும்புத் தோகை பின்னால் தொங்கி விளக்கை மறைத்துவிடும். தோகையை அறுத்துவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்று ஒருமுறை பாருங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டரையும் துடைத்துவிடுங்கள். பேட்டரி செத்து நிற்கும் வண்டிக்கு அதுதான் விளக்கு.

உங்கள் வீட்டில் டிராக்டர் இருந்தால், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இன்று சாயங்காலமே பாருங்கள். ஒருவர் பிரேக் மிதிக்க, ஒருவர் பின்னால் நிற்க, ஐந்து நிமிஷ வேலை.