இரண்டு அட்டைக்காரர்கள்

எல்லையோரத் தமிழர்களைப் பற்றி இடுக்கியிலும் பாலக்காட்டிலும் ஒரு பேச்சு உண்டு: இவர்களுக்கு இங்கே ஒரு அட்டை, அங்கே ஒரு அட்டை. உடும்பன்சோலையில் ஒரு ரேஷன் கார்டு, போடியில் இன்னொன்று. தேர்தல் நேரத்தில் இரட்டை வாக்கு என்று கட்சிகள் கிளப்பும் புகார், தேர்தல் முடிந்ததும் மருத்துவமனைகளின் காப்பீட்டு கவுன்ட்டரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

புகார் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். இரண்டு அட்டை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த பெண், ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மகன் போடியில் இருப்பான். மகள் மூணாறில் வேலையில் இருப்பாள். அந்த அம்மாள் எந்த ஊர்க்காரி? 1956-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு என்று முடிவானபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கம்பம், போடிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களுக்கோ உழைப்பு கேரளத்தில், அட்டை தமிழ்நாட்டில்.

சில வருடங்களுக்கு முன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அத்தை ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. படிவம் மலையாளத்தில் இருந்ததால் நிரப்பிக் கொடுக்க நான். (என் தொழிலின் சம்பளமில்லாத பகுதி இது.) அத்தை வாய் திறந்ததும், கவுன்ட்டரில் இருந்த இளைஞர் "பாண்டியாணோ?" என்றார். தமிழர்களை இளக்காரமாகக் குறிக்கும் சொல். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அசல் ரேஷன் கார்டு கேட்டார், வீட்டு வரி ரசீது கேட்டார். பக்கத்து மேஜைக்காரரிடம் ஏதோ சொன்னார். அதில் 'தட்டிப்பு' என்ற சொல் இருந்தது. மலையாளத்தில் மோசடி என்று பொருள். எனக்கு மொழிபெயர்க்கும் வேலை இல்லை. சித்தூர் தாலுகாவில் பிறந்தவருக்கு அது புரியாதா? "திருடின்னு பேர் வாங்கிப் படுக்கறதுக்கு இந்த வலியே தேவலை" என்று எழுந்துவிட்டார். அந்த அறுவை சிகிச்சை எட்டு மாதம் தள்ளிப்போயிற்று.

இத்தனைக்கும் இந்தத் திட்டங்களில் நோயாளியின் கைக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை. கேரளத்தின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா ஆகட்டும், தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆகட்டும், மருத்துவமனைதான் ஒப்புதல் கேட்கிறது, மருத்துவமனைதான் பில் அனுப்புகிறது, பணம் அதன் கணக்குக்குப் போகிறது. இரண்டு அட்டை இருந்தாலும் ஒரே கர்ப்பப்பையை இரண்டு தடவை எடுத்துக்கொள்ள முடியாது. பில்லை மட்டும் இரண்டு தடவை எழுத முடியும். அட்டையை இரவல் கொடுத்துக் கூட்டுச் சேரும் நோயாளிகள் உண்டுதான். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இல்லாமல் அது நடக்காது.

ஆயுஷ்மான் பாரத் திட்டம் பற்றி மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் தந்த அறிக்கை நினைவிருக்கலாம். 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள். ஏற்கெனவே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய். இதில் முதலிடம் கேரளத்துக்கு: 966 பேர். கைபேசி எண்ணை வைத்துப் பயனாளியை அடையாளம் காண்பதில்லை என்று மத்திய அரசு விளக்கம் சொன்னது. இருக்கலாம். ஆனால் செத்தவர்கள் எழுந்து வந்து பில் போட்டிருக்கமாட்டார்கள். தனியார் மருத்துவமனைகள் அனுப்பிய 2.7 லட்சம் பில்கள், 562.4 கோடி ரூபாய் மதிப்புள்ளவை, ஏற்கத்தக்கவை அல்ல என்று கண்டறியப்பட்டதாக 2025-ல் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. 2024 நவம்பரில் அகமதாபாத் தனியார் மருத்துவமனை ஒன்று, கிராமத்தில் இலவச முகாம் நடத்தி 19 பேரை அழைத்து வந்தது. ஏழு பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்ததில் இரண்டு பேர் இறந்தார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் செய்தார்கள் என்பது வழக்கு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1976 தேர்தல் பிரசாரத்தில் ரீகன், அரசு உதவியை ஏமாற்றிச் சொகுசாக வாழும் சிகாகோ பெண்ணைப் பற்றி மேடைதோறும் பேசினார். அதிலிருந்து உதவி வாங்கும் கறுப்பினப் பெண்கள் எல்லோர்மீதும் அந்தப் பழி ஒட்டிக்கொண்டது. அரசு மருத்துவத் திட்டங்களுக்குப் பொய் பில் அனுப்பிய விவகாரத்தில் எச்சிஏ என்ற பெரிய மருத்துவமனை நிறுவனம் 2000-லும் 2003-லும் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி கட்டியது மொத்தம் சுமார் 170 கோடி டாலர். விசாரணை சூடுபிடித்த 1997-ல் பதவி விலகிய அதன் தலைவர் ரிக் ஸ்காட்மீது வழக்கு எதுவும் இல்லை. பிற்பாடு அவர் புளோரிடா ஆளுநரானார்.

நாமும் யோக்கியர்கள் இல்லை. அட்டப்பாடியிலிருந்து பிரசவத்துக்கு வருகிறவர்களைப் பார்த்து, கேரளாக்காரர்கள் நம் ஆஸ்பத்திரிப் படுக்கையை அடைத்துக்கொள்கிறார்கள் என்று கோவையில் முணுமுணுப்பதை நானே கேட்டிருக்கிறேன். இப்போது அந்த முணுமுணுப்பு பீகார், ஒரிசாத் தொழிலாளர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது.

கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைத் தமிழர்கள் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. அதே தமிழில் ஒரு தாள், என்ன சிகிச்சை, உங்கள் பெயரில் எத்தனை ரூபாய் என்று, வீட்டுக்குப் போகும்போது நோயாளி கையில் கொடுத்தால் போதும். நான் துணைக்குப் போன இடங்களில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தொகை எதற்கு உங்களுக்கு, நீங்களா கட்டுகிறீர்கள் என்கிறார்கள்.